குறி தப்பிய குழல்

துப்பாக்கி சுடும் போட்டியில் பெரியவரின் அப்பா குறி தப்பியதை உறவினர்கள் ஐம்பது வருடமாகச் சொல்லிச் சிரித்தார்கள். பொறுக்கமாட்டாமல், அவர் அப்பா அன்று சுட்ட ரிவால்வரை மூன்று தலைமுறையாக நடக்கும் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனார்.

கடைக்காரர் குழலை விளக்குக்கு நேரே பிடித்தார். "வெளியே பளபளன்னு இருக்கு. உள்ளே சுருள் வரியே வெட்டலையே! வரி இருந்தாத்தான் குண்டு சுத்திக்கிட்டு நேராப் போகும். இதால யானையைக்கூட அடிக்க முடியாது ஐயா."

பெரியவர் கைத்தடியை வீசிவிட்டுக் குதித்தார். "அப்போ எங்கப்பா மேல தப்பில்லை! எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இதைச் செஞ்ச கழுதை பேரையும் சேர்த்து எழுதுங்க!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கைப்பிடியின் அடியிலிருந்த துருவைத் துடைத்தார். செய்தவரின் முத்திரை தெரிந்தது. கடைப் பலகையிலும் அதே முத்திரைதான். கடைக்காரரின் தாத்தா போட்டது.

சிரிப்பு நின்றது. குழலை மறுபடியும் விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இப்பத்தான் சரியாத் தெரியுது ஐயா. உங்கப்பாவுக்குக் கைதான் நடுங்கியிருக்கு."