அடுக்களை வரை எட்டாத குழாய்

குக்கர் விசில் நிற்கவில்லை.

மூன்றாவது விசிலில் அவள் அடுப்பை அணைத்துவிடுவாள். இன்று அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, பேச்சி."

விசில்தான் மறுபடி வந்தது.

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். மூக்கில் மாட்டியிருந்த குழாயும் கூடவே இழுபட்டு வந்தது. கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின் முனகிக்கொண்டிருந்தது. ஜின்னிங் மில்லின் பஞ்சுத் தூசி அரித்த நெஞ்சு. குழாய் இல்லாமல் குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் உதடு நீலமாகிவிடும்.

குழாய் அடுக்களை வாசல்வரைதான் வரும். அவள்தான் அப்படி அளந்து வெட்டியிருந்தாள். ஆக்சிஜனை அடுப்புத் தீப்பக்கம் கொண்டுபோகவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

வாசலில் குழாய் விறைத்து நின்றது.

அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு பாதம் தெரிந்தது.

அசையவில்லை.

கத்துவதற்கு அவரிடம் மூச்சில்லை.

கட்டில் பக்கம் திரும்பினார். எல்லாம் அங்கே தயாராக இருந்தது. எல்லாம் அவள் வைத்தது. கரண்டு போனால் திறக்கச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், அதன் கழுத்தில் கயிறு கட்டிய சாவி. கண்ணாடி போடாமலே தெரியும்படி சுவரில் பெரிதுபெரிதாக போன் நம்பர்கள். அடுத்த வீட்டு ரெஜினாவைக் கூப்பிட, ஆணியில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும். சில வெள்ளிக்கிழமைகளில் சொல்லாமல் கொள்ளாமல் மெயினை அணைத்துவிட்டு, "ம், சிலிண்டரத் தொறங்க பாப்போம்" என்று இடுப்பில் கைவைத்து நிற்பாள். அவருக்கு எரிச்சலாக வரும். திறப்பார்.

தட்டை அடித்தார். நிறுத்திக் கேட்டார். மறுபடி அடித்தார்.

யாரும் வரவில்லை.

ஆம்புலன்சுக்கு போன் போட்டார்.

"சொல்லுங்க சார், எங்கிருந்து பேசுறீங்க?"

போனில் எப்படிப் பேச வேண்டும் என்பதும் அவள் பழக்கியதுதான். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்.

"கோவில்பட்டி. தண்ணித்தொட்டித் தெரு. பச்சை கேட். மூச்சு... எனக்கு மூச்சு..."

வாய் பழகிய தடத்திலேயே போனது. நிறுத்தினார்.

"எனக்கில்ல. என் வீட்டுக்காரிக்கு. விழுந்து கெடக்கா."

அடுக்களையிலிருந்து கருகும் வாடை வந்தது.

மெஷினை அணைத்தார். குழாயைக் கழற்றிக் கட்டிலில் போட்டார்.

உள்ளே போனார்.

முதலில் அடுப்புக் குமிழ். பிறகு கேஸ் ரெகுலேட்டர். குக்கர் சீறிச் சீறி அடங்கியது.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இனி தன்னால் எழ முடியாது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் கண்கள் திறந்திருந்தன. வாயின் இடப்பக்கம் தொங்கி எச்சில் ஒழுகியது. இடது கை யாருடையதோ போலக் கிடந்தது.

"பேச்சி. நான்தான்."

அவள் பார்த்தாள். வலது கை மெல்ல உயர்ந்தது. கன்னத்தைத் தொடப்போகிறாள் என்று நினைத்தார். விரல்கள் அவர் மூக்குக்குக் கீழே தடவின. எதையோ தேடின.

"கொ... கொழா..."

அவள் முகத்தில் பாதி கோபப்பட்டது.

"இருக்கட்டும்ட்டி."

அதே கையால் அவர் மார்பைத் தள்ளினாள். போ, போய் மாட்டு.

அவர் போகவில்லை. எச்சில் தொண்டைக்குள் போய்விடாமல் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். அதற்கே சுவர்கள் மங்கின. விரல் நகங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார்.

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரெஜினா, ஈரச் சேலை தோளில் கிடக்க ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி! கொழா எங்க?"

அவள் வேறெதையும் பார்க்கவில்லை. பேச்சி அப்படித்தான் பழக்கியிருந்தாள். அவர் அடுப்பைக் காட்டி, "அணைச்சிட்டேன்" என்றார். சின்ன சிலிண்டரைத் தூக்கிவந்து சாவியைத் திருகி, குழாயை அவர் மூக்கில் சொருகிய பிறகே ரெஜினா கீழே பார்த்தாள்.

"ஐயோ. அக்கா."

ஆம்புலன்சில் வந்தவர்களும் ஸ்ட்ரெச்சரை அவர் பக்கத்தில்தான் இறக்கினார்கள். நர்ஸ் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் கையை உருவிக்கொண்டு பேச்சியைக் காட்டினார்.

"அவங்க கூட யாரு வர்றது?"

"நான்."

"இந்த நெலமையிலயா?" என்றாள் ரெஜினா.

"நான்தான் போகணும்."

இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரை ஏற்றினார்கள். சிலிண்டர் மடியில் வந்தது. இந்த மாதிரி வண்டியில் பலமுறை படுத்துக்கொண்டு போயிருக்கிறார். பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்ததில்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வண்டி கிளம்பியது.

"பக்கவாதம் மாதிரி இருக்குங்க அய்யா. சீக்கிரமே கூப்பிட்டீங்க, நல்லது. அம்மாவுக்கு சுகர், பிரஷர் ஏதும் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

அவருடைய மாத்திரைகள் என்றால் அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். டாக்டர்களே பாராட்டியிருக்கிறார்கள்.

அவர் வாயைத் திறந்தார்.

"தெரியலையேம்மா."

நர்ஸ் அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"நாம பேசுறது அவங்களுக்குப் புரியுது. கையைப் பிடிச்சு நீங்களே கேளுங்க. ஆமான்னா அமுக்கட்டும்."

வலது கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி குலுங்கியது. குனிந்தார்.

"ஒனக்குப் பிரஷர் உண்டுமா, பேச்சி?"

விரல்கள் அழுத்தின.

அவர் நர்சைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் எழுதிக்கொண்டாள்.

"மாத்திரை சாப்பிடுதியா?"

விரல்கள் அழுத்தவில்லை. பேச்சி பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.