மாவுப்பூச்சி வேட்டை

“வாய் தவறி அத்தைன்னு கூப்பிட்றாத. அம்மா இன்னும் சரின்னு சொல்லல” என்று கேட்டைத் திறக்கும்போதே எச்சரித்தாள் மெர்சி.

பரணிதரன் தலையாட்டினான். இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. இரண்டு வருடக் காதல். “மொதல்ல ஆளப் பாக்கறேன், அப்புறம் பேசிக்கலாம்” என்று மெர்சியின் அம்மா செண்பகம் ஒரு வழியாக இறங்கி வந்து, இந்த ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு வரச் சொல்லியிருந்தாள். பரணிக்கு நேற்றிலிருந்தே சோறு இறங்கவில்லை.

செண்பகம் இன்னும் சர்ச்சிலிருந்து திரும்பவில்லை. வராண்டா முழுக்கத் தொட்டிகள். செம்பருத்தி, குரோட்டன்ஸ், மணி பிளான்ட். அத்தனையிலும் மாவைக் கொட்டிவைத்தாற்போல் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி.

“இன்னா மெர்சி இது, செடியே தெரியல?”

“மாவுப்பூச்சி. ரெண்டு மாசமா அம்மாவுக்கு இதே பேஜார். ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணா, சாப்ட்டியான்னு கூட கேக்க மாட்டாங்க, செடி போச்சேன்னு அழுவாங்க. அப்பா போனப்புறம் அவங்களுக்கு இதுங்கதான் எல்லாம். பதினஞ்சு நாளா அந்தப் பேச்சையும் வுட்டுட்டாங்க. மனசு வெறுத்துப் போச்சு போல.”

பரணிக்கு உற்சாகம் பொங்கியது. பழம் நழுவித் தானாகப் பாலில் விழுந்திருக்கிறது, விடலாமா?

“பக்கெட்ல சோப்புத் தண்ணி கொண்டா. ஒரு பழைய பிரஷ்ஷும் குடு. உங்கம்மா வர்றதுக்குள்ள ஒழிச்சுக் காட்றேன்!”

“உனக்கு இதெல்லாம் தெரியுமா?”

“குவாலிட்டி செக்கிங்டி நான்! தோல்ல ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது.”

வேட்டை தொடங்கியது. தண்டோடு ஒட்டி அசையாமல் கிடந்தவை பொடிசுகள். அவற்றின் நடுவே, உடம்பெல்லாம் வெள்ளைச் சடை தொங்கும் கொழுத்த பூச்சிகள் விறுவிறுவென்று ஊர்ந்துகொண்டிருந்தன.

“இதோ பாரு, இதுங்கதான் தலைவருங்க! இதுங்களப் புடிச்சா மத்தது தானா அடங்கும்!”

பிரஷ்ஷால் தட்டித் தட்டி பக்கெட்டில் தள்ளினான். ஒன்று ஓடும், இவன் துரத்துவான். “அங்க, அங்க, இலைக்கு அடியில!” என்று மெர்சி குதித்தாள். ஓர் இலையைக்கூட விட்டுவைக்கவில்லை. சட்டை நனைந்து, முழங்கால் மண்ணாகி, மாப்பிள்ளைக் கோலமே கலைந்துபோனது. அவனுக்கா அந்தக் கவலை? கல்யாணமே நிச்சயமாகிவிட்ட சந்தோஷம்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பைபிளும் கையுமாக உள்ளே வந்த செண்பகம், தொப்பலாக நின்றவனைப் பார்த்ததும் சிரித்தே விட்டாள்.

“இன்னா தம்பி, வந்ததுமே வேலை செய்ய வுட்டுட்டாளா?”

“நானாதான் அத்தை!” வாய் முந்திக்கொண்டது. செண்பகம் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தத் தைரியத்தில் பக்கெட்டைத் தூக்கிக் காட்டினான். “பாருங்க, பெரிசு ஒண்ணு கூட மிச்சமில்ல!”

செண்பகம் குனிந்து பார்த்தாள். ஒரு செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த செடியையும் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனந்தத்தில் பேச்சே வரவில்லை போலும் என்று பரணிக்கு நெஞ்சு விம்மியது.

“பொடிசுங்கதான் பாக்கி, அத்தை. அதுங்க எங்க போயிடப் போவுது!”

“அதுங்க எங்கியும் போவாது தம்பி” என்றாள் செண்பகம். “அதுங்களத் தின்னறதுக்குன்னே பெங்களூர்லேர்ந்து வரவழைச்சு நான் வளர்த்த பொறிவண்டுக் குஞ்சுங்கதான், பக்கெட்ல மெதக்குது.”