அடுப்பில் தங்கிய வடக்கு

காந்த வடக்கு நாளுக்கொரு பக்கம் நகரத் தொடங்கிவிட்ட காலம். சூடேறிய மண் ஆறும்போது அன்றைய வடக்கைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். மறுபடி சூடேறினால் பழையது அழிந்துவிடும். ஆதிகாலச் சூளைகளில் அப்படித் தங்கிப்போன வடக்கை அளப்பதுதான் முத்துக்கனியின் வேலை.

விடுமுறைக்கு வந்தவள், அப்பாவின் மண் அடுப்பில் விளையாட்டாகக் கருவியை வைத்தாள். தினமும் போனில் "சமைச்சுச் சாப்பிட்டேம்ளா" என்று சொல்கிறவர் அவர். கருவியோ ஏழு மாதத்துக்கு முந்தைய வடக்கைக் காட்டியது.

"எப்பா, பொய்யா சொன்னிய? ஏழு மாசமா அடுப்பே பத்தவைக்கலயே!"

"மெஸ்ல சாப்பிடுதேன்."

"ஏன்?"

"திரும்பச் சூடானா பழசு அழிஞ்சிரும்னு நீதானளா சொன்ன?"

அவள் கருவி காட்டிய தேதியைப் பார்த்தாள். அம்மா கடைசியாகச் சமைத்த நாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவேயில்லை.

கருவியை மெல்ல எடுத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா அன்னைக்கு என்ன கொழம்புப்பா வச்சா?"

"புளிக்கொழம்பு. உப்பு சாஸ்தி. அதைச் சொன்னதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா" என்று அப்பா சிரித்தார். "ஆனா, மறுசோறு போட்டா."