ஓட்டிப் பார்க்கக் கூடாது

“வண்டி பையனோடதா சார்? அவர் எங்கே?” என்று கேட்டார் கண்ணாடிக் கடைக்காரர்.

வீட்டுக்காரர் முகத்தை மட்டும் மேலே தூக்கிக் காட்டிவிட்டுத் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஏன்தான் கேட்டோமோ என்று ஆகிவிட்டது கடைக்காரருக்கு.

போர்டிகோவில் நின்றது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக். பழைய மாடல், இப்போது கம்பெனியே நிறுத்திவிட்டது. கல்லூரி விடுதியில் அறைத்தோழன் ஒருவன் இதே வண்டி வைத்திருந்தான். அவனுக்குத் துணி துவைத்துப் போட்டாவது ஒரு சுற்று வாங்கி ஓட்டிய ஆசை, தொப்பை விழுந்து தலை நரைத்த பிறகும் அடங்கவில்லை. வீட்டில் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் மனைவி இறங்கி வந்தாள். வாங்கித் தொலையுங்கள், ஆனால் என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள் என்று ஒரே ஒரு நிபந்தனை.

தம்பி மெக்கானிக். குனிந்து, படுத்து, தட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு மாமனை ஓரமாக இழுத்தான்.

“மாமா, இதுல ஏதோ சரியில்ல. டயர் காஞ்சு வெடிப்பு விட்டிருக்கு, சக்கரத்துல சிலந்தி கூடு கட்டியிருக்கு. ரோட்டைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. ஆனா பேட்டரி புதுசு, ஆயில் புதுசு. ஓடாத வண்டிக்கு எதுக்கு இவ்வளவு செய்யணும்?”

பிறகு கண்ணாலேயே சுவரைக் காட்டினான். ஆணியில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. ஒரு பக்கம் முழுவதும் சாயம் உரிந்து வெள்ளையாக இருந்தது. வண்டியின் டேங்கிலும் அதே பக்கம் மட்டும் புதுப் பெயின்ட். போனவன் வண்டி நமக்கு வேண்டாம் மாமா, அக்காவுக்குத் தெரிந்தால் என்னைத்தான் உரிப்பாள் என்று முணுமுணுத்தான்.

கடைக்காரரும் அந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். ஆனால் கை தானாகவே போய் ஹேண்டில்பாரைத் தொட்டது. விடவும் மனசில்லை, தொடவும் தைரியமில்லை. எதற்கும் ஒரு சுற்றுப் போய் வருகிறேனே என்று சாவியைக் கேட்டார்.

வீட்டுக்காரர் சட்டென்று குறுக்கே வந்தார். “ஓட்டிப் பார்க்கக் கூடாது தம்பி. இங்கயே நின்னு ஸ்டார்ட் பண்ணி, நல்லா முறுக்கிப் பாருங்க. அது போதும்.”

ஓட்டிப் பார்க்காமல் யார் வண்டி வாங்குவார்கள் என்று மைத்துனன் முறைத்தான். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வீட்டின் பக்கவாட்டுச் சுவரோரமாக நிறுத்தினார். விளம்பரம் பார்த்து யார் யாரோ வந்தார்கள், எல்லாரும் இப்படித்தான் பார்த்துவிட்டுப் போனார்கள் என்றார்.

கடைக்காரர் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். தொட்டதும் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அவருக்கு வயசு குறைந்துவிட்டது. விடுதி வாசலில் அறைத்தோழன் செய்வது போலவே, சத்தத்தை முனகலாக இறங்கவிட்டு, அது அடங்கப் போகும் நேரத்தில் வெடுக், வெடுக் என்று இரண்டு முறுக்கு.

வீட்டுக்காரரின் முகம் வெளிறிப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அவனும் இப்படித்தான் செய்வான்” என்றார்.

கடைக்காரர் குனிந்து கைப்பிடியைப் பார்த்தார். ரப்பர் பிடியில் விரல் பதிந்து தேய்ந்த பள்ளங்கள் இருந்தன. அவற்றில் தன் விரல்கள் அளவெடுத்தது போல உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார். தன் கைக்கு அடியில் இன்னொரு கை இருப்பது போல இருந்தது. வண்டியை அணைத்துவிட்டுத் தடுமாறி இறங்கினார். இந்த வண்டியோடு வீட்டுக்குப் போனால் அந்தப் பையனும் பின்சீட்டில் ஏறிக்கொண்டு வருவான் என்று தோன்றியது.

“மன்னிச்சுக்குங்க சார். எனக்கு வேணாம்.”

ஏமாற்றத்தையோ கோபத்தையோ எதிர்பார்த்தார். ஆனால் வீட்டுக்காரர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க வேணாம் தம்பி. இன்னொரு தடவை மட்டும், அதே மாதிரி.”

மைத்துனன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். இந்த மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது, கிளம்பலாம் என்றான். கடைக்காரரும் கிளம்பத்தான் நினைத்தார். ஆனால் அவருக்கும் ஒரு மகன் உண்டு. அவன் வீட்டுக்கு வருவதைத் தெருமுனையிலேயே செருப்புச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அந்தச் சத்தம் இனிமேல் இல்லை என்றால் தானும் இப்படித்தான் யார் கையையாவது பிடித்துக்கொண்டு நிற்பேனோ என்று நினைத்துக்கொண்டார்.

பயத்தை விழுங்கிக்கொண்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். சத்தம் எழுந்து, இறங்கி, முனகி, அடங்கப் போகும்போது வெடுக், வெடுக்.

இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை. வீட்டுக்காரர் மூச்சுவிடாமல் நின்றார்.

தலைக்கு மேலே மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. ஒரு அம்மாள் பாதி உடம்பு வெளியே வரும்படி எட்டிப் பார்த்தாள். ஒரு கையில் ஈரத்துணி, மறுகையில் கஞ்சி ஊற்றும் ரப்பர் குழாய்.

“என்னங்க, அவரை நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. பையன் கண்ணைத் திறந்துட்டான்.”