மூன்றாம் பாகத்து முனிவர்

சாப்பாட்டுத் தட்டு பறந்து வந்து சுவரில் மோதி விழுந்தது.

"உப்பு எங்கடி?" என்று உறுமிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு அறைக்குள் போனார் நடிகர்.

மனைவி குனிந்து தரையைக் கூட்ட ஆரம்பித்தாள். தங்கையைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது.

"குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பு. இப்பவே கிளம்பு!"

"கத்தாதண்ணா. அவர் இப்ப அரக்க ராஜா. படம் முடியற வரைக்கும் அந்தப் பாத்திரமாவேதான் இருப்பாராம். வீட்லயும் அப்படித்தான்."

"இருக்கட்டும். அதுக்கு உன் கையை முறுக்கணுமா?"

அவள் கன்றிப்போயிருந்த மணிக்கட்டைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டாள். கோபம் அண்ணன் மேல்தான் வந்தது.

"வண்டி ஓட்டுற உனக்கு நடிப்பைப் பத்தி என்ன தெரியும்? டிவியில எல்லாம் அவரோட அர்ப்பணிப்பைத்தான் பேசறாங்க. எப்பேர்ப்பட்ட மாயாஜாலப் படம்! ரெண்டு பாகத்துலயும் அரக்கன். மூணாவதுல மனசு மாறி முனிவராயிடறார். எறும்பைக்கூட மிதிக்காத முனிவர். அப்ப வந்து பாரு இந்த வீட்டை."

"நல்லா வருது வாயில! நீயும் உன் முனிவரும்!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான் அண்ணன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பாவின் கார் சத்தம் கேட்டாலே மகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான்டா கண்ணு. அப்பா முனிவராகப் போறார்."

ஒரு வழியாக மூன்றாம் பாகம் தொடங்கியது. முதல் நாள் படப்பிடிப்பை டிவியில் காட்டினார்கள். அடிபட்ட மானை மடியில் கிடத்திக்கொண்டு கண்ணீர் விட்டார் முனிவர். அது பஞ்சு அடைத்த பொம்மை மான்தான். ஆனாலும் சுற்றி நின்றவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள்.

"அப்பாவாம்மா அது?" மகளுக்கு நம்பவே முடியவில்லை.

"அப்பாவேதான்டா!"

சாயங்காலம் கார் வந்தது. மகள் ஒளியவில்லை. தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு தானாகவே வாசலுக்கு ஓடினாள். போன வேகத்தில் தண்ணீர் அவர் சட்டையில் சிந்திவிட்டது.

பளாரென்று விழுந்தது அறை. குழந்தை சுருண்டு போய் விழுந்தாள்.

ஓடிப்போய் மகளை வாரி எடுத்தாள் மனைவி.

"ஏங்க, நீங்க இப்ப முனிவர் இல்லையா? பாத்திரமாவே இருக்கணும்னு நீங்கதானே..."

"லூசாடி நீ?" சட்டையை உதறிக்கொண்டே சோபாவில் சாய்ந்தார் நடிகர். "நாள் பூரா முனிவனா நடிச்சு உயிரே போகுது. வீட்லயாவது என்னை நானா இருக்க விடு!"

அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள். தெருவில் நடந்துகொண்டே அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, வண்டியை எடுத்துட்டு வா."

"என்னம்மா ஆச்சு? அரக்கன் வேஷம்தான் முடிஞ்சிடுச்சே?"

"அது வேஷம் இல்லண்ணா. மூணாம் பாகத்துலதான் அவர் நடிக்கவே ஆரம்பிச்சிருக்கார்."