மைனாவின் பத்து வாக்கியங்கள்

ஆங்கில வகுப்பின் ஜன்னலோரக் கிளையில் ஒரு மைனா இருந்தது. அதற்கு மேல்கிளையில் அணிலின் கூடு.

“மைனாக்கா, பஞ்சு எடுத்துட்டு வந்துடறேன். குட்டியைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?”

“அட, இன்னைக்குப் பாடமே அதுதான்! இங்கிலீஷ்ல ‘லுக் ஆஃப்டர்’னு சொல்லணும். நீ போய்ட்டு வா.”

உள்ளே ஆளுக்குப் பத்து வாக்கியம் சொல்லச் சொன்னார் டீச்சர். மைனாவும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னது. “ஐ லுக் ஆஃப்டர் தி பேபி.” பத்தும் பிழையில்லாமல் வந்தன. பெருமையோடு திரும்பியது. கூட்டில் குட்டி இல்லை.

கீழே விழுந்திருந்த குட்டியைக் கவ்விக்கொண்டு அணில் ஏறி வந்தது. குட்டியின் ஒரு கால் தொங்கியது. அதைக் கூட்டில் கிடத்திவிட்டு, “பரவாயில்லக்கா, உங்களுக்குப் படிக்கிற வேலை இருந்திருக்கும்” என்றது.

உள்ளே டீச்சர், “இன்னும் ஒண்ணு, யாராவது?” என்று கேட்டார்.

மைனாவிடம் ஒன்று இருந்தது. அது அலகைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.