இரவல் பிள்ளை

என் மகளை ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டாள் பக்கத்து வீட்டு மகாதேவி.

உப்பும் புளியும் இரவல் கொடுத்து வாங்கிப் பழகிய சந்துதான். பிள்ளையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுத்தேன்.

இறந்துபோன அவள் மகள் ஸ்வேதாவின் சிவப்பு ஸ்வெட்டர் என் ஃபெமினாவுக்குச் சரியாக இருந்தது. ஃபெமினா ஒரு வயது இளையவள். பெயர் கேட்டால் ஸ்வேதா என்று சொல்ல வேண்டும் என்று நான் பாடம் நடத்தினேன். மகாதேவி பொத்தானைப் போட்டுவிட்டாள்.

கொடைக்கானலுக்கு ஏரி பார்க்க வருகிறவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத சரிவில் இருக்கிறது எங்கள் சந்து. ஒரு தொண்டு நிறுவனம் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் நிதி வாங்கி இங்கே வீடு கட்டித் தருகிறது. பொய் சொல்லக் கூடாது, நல்லதும் செய்தார்கள். மகாதேவியின் புருஷன் அழகுமலைக்கு ஹோட்டலில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்கள்தான். முதல் வீடு மகாதேவியுடையது. அடுத்தது எங்களுடையது.

கம்பெனிக்குப் போட்டோ வேண்டும். கட்டுவதற்கு முன்னால் ஒன்று, கட்டிய பின்னால் ஒன்று.

மகாதேவியின் பழைய வீட்டு முன்னால், கொட்டுகிற மழையில், தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு ஸ்வேதா நின்ற படத்தைப் பார்த்துத்தான் கம்பெனி மேடம் மனம் இளகிப் பணம் கொடுத்தாராம். படம் எடுத்த போன வருஷ ஐப்பசியிலேயே, ராத்திரி மழையில் சுவர் விழுந்து ஸ்வேதா போய்விட்டாள். அதை யாரும் மேடத்திடம் சொல்லவில்லை.

இப்போது திறப்பு விழாவுக்கு அவரே வருகிறார். வந்ததும் அந்தப் பிள்ளையைத்தான் கேட்பார். சாவு நடந்தது தெரிந்தால் விசாரணை என்று கிளம்பும், சந்துக்கு வர வேண்டிய நிதி மொத்தமும் நின்றுபோகும் என்று கவலைப்பட்டுவிட்டுப் போனார் தொண்டு நிறுவனத்து ஆக்னல் சார். இன்னதைச் செய்யுங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சாமர்த்தியம் அவருக்கு உண்டு.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு எங்கள் ஊர் வாயும் மூடித்தான் கிடந்தது. எல்லோருக்கும் வீடு வேண்டுமே.

மேடம் ரிப்பனை வெட்டினார். வாசல் சுவரில் பதித்திருந்த கம்பெனிப் பெயரைத் தடவிப் பார்த்தார். பிறகு ஃபெமினாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஸ்வேதா, புது வீடு பிடிச்சிருக்கா?”

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் பார்க்கவில்லை. மகாதேவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அதோடு, நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் செய்தாள். மகாதேவியை நிமிர்ந்து பார்த்து, அம்மா, பசிக்குது என்றாள்.

மகாதேவி உள்ளே ஓடினாள். ஒரு பன்னோடு வந்தாள். பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பெனிப் போட்டோக்காரர் விடாமல் எடுத்துத் தள்ளினார்.

ஜூன் மாதத்திலிருந்து ஸ்வேதா இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், செலவு கம்பெனியுடையது என்று மேடம் சொன்னார். சந்தே கை தட்டியது. அந்தப் பெயரில் என் மகள் போனால்தான் என்ன என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மேடத்தின் கார் போனது. போட்டோக்காரர் மட்டும் லாட்ஜில் தங்குவதாக ஏற்பாடு. அவரை வைத்து எங்கள் வீட்டையும் எடுத்துவிடலாம் என்று ஆக்னல் சார் பின்பக்கம் பார்க்க வந்தார்.

மழைக்காலம் தொடங்கியதுமே என் வீட்டுக்காரர் உபகாரம், வெடித்துக் கிடந்த மண்சுவருக்கு இரண்டு தைலமரக் கம்புகளை முட்டுக் கொடுத்திருந்தார். சார் அவற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விழப்போகிற வீட்டுக்குத்தான் நிதி. விழுந்த வீட்டுக்கும் கிடையாது, நிற்கிற வீட்டுக்கும் கிடையாது.

“அண்ணே, இந்தக் கம்பை எடுத்துருங்க. இது இருந்தா போட்டோவுல வீடு தெம்பாத் தெரியும். நாளைக்கு வெள்ளனே எடுத்துருவோம், பெறகு வச்சுக்கிடுங்க.”

உபகாரம் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒழுகுகிற வீடு. பயமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் கடப்பாரையை எடுத்து வந்தார். முதல் கம்பு வந்துவிட்டது. சுவரிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. சார் திருப்தியாகக் கிளம்பினார். பெருமாள்மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று ஃபெமினாவைக் கூப்பிட்டேன். மகாதேவியோடு வந்தாள். மகாதேவி, கீழே கிடந்த கம்பைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிள்ளையின் கையை விடவில்லை.

“எங்க கம்பையும் ஒரு நாளைக்குன்னுதான்க்கா எடுக்கச் சொன்னாங்க. புள்ள இன்னைக்கு என் வீட்டுலயே படுக்கட்டும்.”

நான் உள்ளே போய் ஃபெமினாவின் போர்வையை எடுத்து வந்து கொடுத்தேன்.

உபகாரம் இரண்டாவது கம்பை அசைத்துக்கொண்டிருந்தார்.